இரண்டு பீரோ புத்தகம், அறுபது பிள்ளைகள்: தொடக்கப் பள்ளியில் வாசிப்பை எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம் டீச்சர். உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை அறுபது பிள்ளைகள். தலைமையாசிரியையான நீங்களும் ஓர் உதவி ஆசிரியரும். பூட்டிய இரண்டு பீரோக்களில் புத்தகங்கள் இருக்கின்றன. முன்னாள் மாணவர்கள் பணம் தர முன்வந்திருக்கிறார்கள். தனி அறை, சுவர் ஓவியம், திறப்பு விழா என்று பேசுகிறார்கள். என்ன புத்தகம் வாங்குவது, ஓராண்டுக்கு எப்படித் திட்டம் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

புத்தகப் பட்டியலைப் பிறகு பார்ப்போம். முதலில் நேரத்தைப் பிடியுங்கள். நல்ல பட்டியலும் அழகான அறையும் இருந்தும் வாசிப்பு நடக்காத பள்ளிகள் நிறைய. அங்கெல்லாம் இல்லாமல் போனது, கால அட்டவணையில் யாரும் பறிக்க முடியாத ஒரு கால் மணி நேரம். "வெள்ளிக்கிழமை கடைசி பாடவேளை நூலகம்" என்று எழுதிவைத்தால் அது மாதத்தில் ஒருமுறை நடந்தால் பெரிது. ஒரு வாரம் கூட்டம், ஒரு வாரம் எமிஸ் தளத்தில் பள்ளி விவரப் பதிவேற்றம், ஒரு வாரம் விடுமுறை. தினமும் நடப்பது மட்டுமே ஈராசிரியர் பள்ளியில் நிலைக்கும்.

உங்களுக்கு இரண்டு இடைவெளிகள் ஏற்கெனவே இருக்கின்றன. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த பிறகு, பிள்ளைகள் முன்பைவிடச் சீக்கிரம் வருகிறார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதற்கும் பிரார்த்தனை மணிக்கும் நடுவில் ஓடிப் பிடித்து விளையாடும் நேரம் ஒன்று உண்டு. வராந்தாவில் இரண்டு பாய் விரித்து முப்பது புத்தகங்களைப் பரப்பிவையுங்கள். யாரையும் அழைக்க வேண்டாம், யாரும் உட்கார வேண்டும் என்றும் இல்லை. விளையாடுகிறவர்கள் விளையாடட்டும். இது பிள்ளைகளின் நேரம்.

இன்னொன்று சத்துணவுக்குப் பிறகு. வெயிலில் ஆடிவிட்டு வந்து கண் சொருகும் அந்த நேரத்தில் கணக்கு நடத்துவதைவிடக் கதை படிப்பது உங்களுக்கும் லாபம். பதினைந்து நிமிடம் நீங்கள் உரக்க வாசிக்க வேண்டும். இது உங்கள் நேரம். ஒன்று முதல் மூன்று வரை ஒருவர், நான்கும் ஐந்தும் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இந்த உரக்க வாசிப்பைத்தான் திட்டத்தின் முதுகெலும்பாக வைக்கச் சொல்வேன். காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகள் வீட்டில் "வந்துச்சு" என்கிறார்கள். புத்தகம் "வந்தது" என்கிறது. "கூட்டிக்கிட்டுப் போனாங்க" என்று கேட்டு வளர்ந்த காதுக்கு "அழைத்துச் சென்றார்கள்" புதிதுதான். எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்து முடிக்கும் குழந்தை, படித்ததன் பொருளைப் பிடிக்காமல் விழிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். அந்த நடையைக் காதால் ஏராளமாகக் கேட்ட குழந்தைக்கு அச்சில் பார்க்கும்போது திகைப்பு இருக்காது. ஆகவே கதையைப் பேச்சுத் தமிழில் சொல்வது வேறு, புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி வாசிப்பது வேறு. இரண்டும் வேண்டும். ஆனால் நம் ஆசிரியர்கள் நன்றாகக் கதை சொல்லிவிடுகிறார்கள். வாசித்துக் காட்டுவது அரிதாக இருக்கிறது.

எப்படி வாசிப்பது என்பதற்கு ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். ரோகிணி நிலேகணி எழுதி பிரதம் புக்ஸ் வெளியிட்ட ஸ்ருங்கேரி ஸ்ரீனிவாசன் கதை. ஆண்டுக்கு ஒருமுறை முடிவெட்டிக்கொள்ளும் மனிதர். அந்த நாளில் முடிதிருத்துபவர், மனைவி, தையல்காரர் என்று ஒவ்வொருவராகப் போய்க் கேட்கிறார். எல்லோரும் கைவிரிக்கிறார்கள். கடைசியில் அவருக்கு முடிவெட்டுவது ஒரு புலி.

பிள்ளைகளைத் தரையில் அரைவட்டமாக, நெருக்கமாக உட்காரவைத்து நீங்களும் தரையிலோ தாழ்ந்த ஸ்டூலிலோ உட்காருங்கள். புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில், படம் அவர்கள் பக்கம் பார்க்கும்படி பிடியுங்கள். அட்டையிலேயே ஒரு நிமிடம் நில்லுங்கள். அவர் தலையைப் பார்த்ததும் சிரிப்பு கிளம்பும். பிறகு வாசியுங்கள். ஒருவர் மறுத்ததும் அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். மூன்றாவது ஆளிடம் அவர் போகும்போது, என்ன பதில் வரும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். சொல்லட்டும், தடுக்காதீர்கள். ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரும் கதையைத் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான்: ஊகிக்க இடமிருக்கிறது, ஊகம் பலிக்கிறது, கடைசியில் புலி வந்து அந்த ஊகத்தைக் கவிழ்க்கிறது. நடுவில் நிறுத்தி அருஞ்சொற்பொருள் சொல்ல வேண்டாம். முடிந்ததும் "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?" என்று தயவுசெய்து கேட்க வேண்டாம். புலி முடிவெட்டியதிலிருந்து என்ன தெரிந்துகொள்வது?

மறுநாளும் அதே புத்தகத்தைக் கேட்பார்கள். சலிக்காமல் படியுங்கள். சில நாளில் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று அந்தப் புத்தகத்தை மடியில் வைத்து, வரிக்குக் கீழே விரலை நகர்த்தியபடி, விரல் ஒரு சொல்லில் இருக்க வாய் வேறொரு சொல்லில் இருக்க, முழுக் கதையையும் "படித்து" முடிக்கும். "மனப்பாடமாகச் சொல்கிறான், எழுத்து தெரியாது" என்று உதவி ஆசிரியர் சொல்லக்கூடும். சொல்லட்டும். அச்சு இடமிருந்து வலம் போகிறது, பக்கம் திருப்பினால் கதை நகர்கிறது, ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஒலி உண்டு என்பதெல்லாம் அந்தக் குழந்தைக்குத் தெரிந்துவிட்டது. விரலும் வாயும் ஒருநாள் ஒரே சொல்லில் சந்திக்கும்.

அடுத்து பீரோ. பூட்டி வைத்திருப்பதற்கு நீங்கள் சொன்ன காரணத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தணிக்கை வருகிறது, இருப்புப் பதிவேட்டில் எண் இருக்கிறது, புத்தகம் இல்லை என்றால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931இல் நூலாக்கினார். முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே. நம் பீரோ சாவிகள் அந்த முதல் விதியிலேயே தடுக்கி நிற்கின்றன.

நடைமுறையில் இரண்டு வழி உண்டு. அரசு வழங்கியதையும் நன்கொடையாக வந்ததையும் தனித்தனிப் பதிவேடாக வையுங்கள். நன்கொடைப் புத்தகங்களே முதலில் வீட்டுக்குப் போகட்டும், அரசுப் புத்தகங்கள் பள்ளிக்குள்ளேயே புழங்கட்டும். அடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்து, புத்தகங்கள் பிள்ளைகள் கையில் கொடுக்கப்படும், கிழிவதும் தொலைவதும் பயன்பாட்டின் பகுதி, பருவத்துக்கு ஒருமுறை குழுவே பார்த்துக் கணக்கில் குறித்துக்கொள்ளும் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பயம் ஒருவர் தலையில் இருக்கும்வரைதான் பூட்டு.

பீரோவைத் திறந்ததும் வாங்குவதற்கு முன் கழிக்க வேண்டும். நன்கொடை என்ற பெயரில் தொடக்கப் பள்ளிக்கு வருவது விசித்திரமாக இருக்கும்: போட்டித் தேர்வு வழிகாட்டிகள், பழைய டைரி, பக்தி மலர், தன்னம்பிக்கை நூல்கள். யாரோ ஒரு நல்ல மனிதர் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் கொடுத்திருப்பார். எடுத்து உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள். பொடி எழுத்தில், பக்கம் முழுக்க நெருக்கி அடித்த நீதிக்கதைத் தொகுப்புகளையும் ஓரம் கட்டுங்கள். அவற்றை யாரும் எடுக்க மாட்டார்கள்; நல்ல புத்தகங்களை மறைத்துக்கொண்டு நிற்கின்றன என்பதுதான் அவற்றின் கெடுதல். அதே பீரோவில், அரசு பள்ளிகளுக்குத் தந்த பழைய 'புத்தகப் பூங்கொத்து' நூல்களும், வாசிப்பு இயக்கத்தில் வந்த சிறு புத்தகங்களும், ஊஞ்சல் சிறுவர் இதழ்களும் கட்டுப் பிரிக்காமல் கிடந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். உங்கள் முதல் முப்பது புத்தகம் அங்கேயே இருக்கிறது.

வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் எளிதிலிருந்து கடினத்துக்கு நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள் உண்டு. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை வாரியாகப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவர் நீங்கள். இந்த இரண்டையும் பொருத்தி, "அரும்புக்கு நுழை மட்டும்" என்று வேலி போட்டுவிடாதீர்கள். படிகள் உங்களுக்கு, அடுக்கிவைக்கவும் வாங்கவும். பிள்ளை கைக்கு எட்டியதை எடுக்கட்டும். படிக்க முடியாத புத்தகத்தில் டைனோசர் படம் பார்க்கிற பிள்ளைக்கும் அன்று வாசிப்பு நடந்திருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் ஐந்தாம் வகுப்பில் வரும். எழுத்து இன்னும் கூடிவராத பையன் ஒருவன் இருப்பான். பக்கத்துக்கு ஒரு வரி உள்ள படப் புத்தகம்தான் அவனுக்குத் தேவை. ஆனால் அதை எடுத்தால் "சின்னப் பிள்ளை புக்கு" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அதனால் தடிமனான ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் புரட்டுவான். அவனுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள்: வாரம் இருமுறை ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் கதை வாசித்துக் காட்டும் அண்ணன் வேலை. அதற்காக எளிய புத்தகம் ஒன்றை முந்தைய நாள் அவனிடம் கொடுத்து, நீங்கள் ஒருமுறை வாசித்துக் காட்டி, அவனைத் தயார் செய்துகொண்டு வரச் சொல்லுங்கள். இப்போது அந்த ஒரு வரிப் புத்தகத்தை அவன் கௌரவத்தோடு பத்துமுறை படிப்பான். சிறப்பு வகுப்பு வைப்பதைவிட இது சீக்கிரம் பலன் தரும் என்பது என் அனுபவம். அவனை மட்டும் தனியே பிரிக்காமல், நன்றாகப் படிக்கிற நான்கைந்து பேரையும் அதே வேலையில் சேர்த்துவிடுங்கள். காரணம் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

இனி வாங்குவது. அரசின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை நூலக மானியத்துக்கு இடமுண்டு. முன்னாள் மாணவர்கள் தருவது அதற்கு மேல். ஒரு புத்தகம் சராசரி ஐம்பது, அறுபது ரூபாய் என்றால் 5,000 ரூபாயிலேயே எண்பது புத்தகத்துக்கு மேல் வாங்கலாம். தனி அறைக்கு ஆகும் செலவில் பள்ளியே புத்தகத்தில் மூழ்கிவிடும்.

பாதிப் பணத்தைப் பக்கத்துக்கு ஒன்று முதல் நான்கு வரி உள்ள படப் புத்தகங்களுக்கு ஒதுக்குங்கள். ஐந்தாம் வகுப்பு இருந்தாலும் பாதி. சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா, 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ், நேஷனல் புக் டிரஸ்ட்டின் சிறுவர் நூல்கள் ஆகியவற்றில் தேடலாம். பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், வானம் ஆகிய பதிப்பகங்கள் தமிழிலேயே எழுதப்பட்ட சிறார் நூல்களை வெளியிடுகின்றன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். வண்ண அச்சு செலவு என்றால் திறன்பலகையிலோ கைப்பேசியிலோ படத்தைக் காட்டி வாசியுங்கள். செங்கல் சூளைக்கும் மில்லுக்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் உங்களிடம் படிப்பதாக எழுதியிருந்தீர்கள். அதே தளத்தில் ஒரே கதை இந்தியிலும் ஒடியாவிலும் கிடைக்கும். தமிழ்ப் பிரதியோடு சேர்த்து அதையும் பாயில் வையுங்கள். தன் எழுத்தை நம் பள்ளியில் பார்க்கிற பிள்ளை, பக்கத்தில் இருக்கிற தமிழ் எழுத்தையும் எட்டிப் பார்க்கும்.

பாடல்களைக் கணிசமாக வாங்குங்கள். 1922இல் இராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பாவை "பழைய ஆள்" என்று ஒதுக்குவது இப்போது ஒரு பழக்கமாகியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. லட்டும் தட்டும் பாட்டைப் பாருங்கள். தட்டு, லட்டு, எட்டு, கிட்டு, பட்டு, பிட்டு. அரும்பு நிலையில் 'ட்டு' என்ற ஒலியை எழுத்தோடு ஒட்டவைக்க இதைவிட நல்ல பாடம் எது? போதாக்குறைக்கு எட்டில் பாதி கணக்கும் அதற்குள் இருக்கிறது. பாட்டை முதலில் பாடவிட்டு, பிறகு பெரிய எழுத்தில் சார்ட்டில் எழுதி மாட்டி, குச்சியால் தொட்டுத் தொட்டுப் பாடவையுங்கள்.

மிச்சப் பணத்தில் பறவை, பூச்சி, வாகனம், உடல் பற்றிய தகவல் நூல்களும், நாட்டுப்புறக் கதைகளும், துளிர் போன்ற சிறுவர் அறிவியல் இதழ்களும். கதை என்றாலே ஓடுகிற சில பிள்ளைகள் லாரி எஞ்சின் படம் உள்ள புத்தகத்தை வாரக்கணக்கில் திருப்பித் தர மாட்டார்கள். நான்கைந்து தலைப்புகளை மட்டும் ஐந்தைந்து பிரதி வாங்குங்கள். நீங்கள் வாசிக்கும் அதே புத்தகத்தைப் பிள்ளைகள் கையிலும் வைத்துப் பின்தொடர உதவும்.

சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்கென பால சாகித்திய புரஸ்கார் வழங்கிவருகிறது. பட்டியலைப் பார்த்து அப்படியே வாங்கிவிட வேண்டாம். அதில் பல நூல்கள் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை. உங்கள் ஐந்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறவர்களுக்குத்தான் பொருந்தும். கீழடியைக் களமாகக் கொண்ட உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023 விருது) அப்படி ஒன்று. எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (2020 விருது) குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பேசுகிறது. அவசியமான புத்தகம். ஆனால் நீங்கள் முழுதும் படித்துவிட்டுக் கொடுங்கள். படித்த பிள்ளை ஒருவேளை உங்களிடம் வந்து ஏதேனும் சொன்னால், பதறாமல் கேட்கவும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கவும் தயாராக இருங்கள். அந்தத் தயாரிப்பு இல்லாமல் அதைப் பாயில் போடக்கூடாது.

நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு உரக்க வாசிக்க, தொடர்கதை மாதிரி நாளுக்கு ஒரு அத்தியாயமாகப் போகிற நூல் வேண்டும் என்றால் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட, ஒரு ஜப்பானியச் சிறுமியின் பள்ளி நாட்களைச் சொல்லும் டோட்டோ-சானைத் தொடங்குங்கள். அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கம்தான். பழைய ரயில் பெட்டிகள் வகுப்பறைகளாக இருக்கும் பள்ளி. இரவில் புதிய பெட்டி ஒன்று வந்து இறங்குவதைப் பார்க்கப் பிள்ளைகள் அங்கேயே தங்குகிறார்கள், அந்தப் பெட்டிதான் நூலகமாகிறது. உங்களுடைய நூலகத்தைப் பற்றிப் பேச வைக்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

வீட்டுக்குக் கொடுப்பதை முதல் மாதமே தொடங்க வேண்டாம். ஜூன், ஜூலை முழுக்க உரக்க வாசிப்பும் காலைப் பாயும் மட்டும். ஆகஸ்டில் வெள்ளிக்கிழமை கொடுத்துத் திங்கட்கிழமை வாங்குங்கள். வழங்கல் பதிவேட்டை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்: ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம், தேதி, புத்தக எண், அவ்வளவுதான். "பிடித்ததா, ஏன்" என்று கட்டம் போடாதீர்கள். புத்தகங்களை அலமாரியில் முதுகு தெரிய அடுக்குவதால் பயனில்லை; சிறுவர் புத்தகங்களுக்கு முதுகே கிடையாது, எல்லாம் பதினாறு பக்கம். சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, கிளிப் மாட்டி, அட்டை தெரியத் தொங்கவிடுங்கள். கயிறு ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கண் உயரத்தில் இருக்கட்டும். கிழிந்ததைச் செல்லோடேப்பால் ஒட்டினால் ஓராண்டில் மஞ்சளாகிப் பிசுக்கும். மைதாப் பசையும் மெல்லிய காகிதமும் போதும். பைண்டிங் கடையில் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கைபடும் இடத்தில் வேண்டாம்.

திட்டம் நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றும் கேட்டிருந்தீர்கள். நூல் விமர்சனப் போட்டி, வினாடி வினா, அதிகம் படித்தவருக்குக் கோப்பை, இவை எதுவும் வேண்டாம். ஐந்து பேர் ஜெயிப்பார்கள். ஐம்பத்தைந்து பேர் தங்களுக்கு இது வராது என்று முடிவு செய்வார்கள். அதற்குப் பதில் பதிவேட்டை மாதம் ஒருமுறை புரட்டுங்கள். மூன்று வாரமாக எதுவும் எடுக்காத பிள்ளை யார்? அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலும் காரணம் சாதாரணமாக இருக்கும்: வீட்டில் தம்பி கிழித்துவிடுவான் என்ற பயம், பை இல்லை. யாருமே எடுக்காத புத்தகம் எது? அதை அடுத்த வாரம் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், மறுநாள் அடிபிடியாகும். பருவத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒரு பக்கத்தை உங்களிடம் மட்டும் வாசிக்கட்டும். எங்கே தடுக்குகிறது என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதை மதிப்பெண்ணாக்க வேண்டாம்.

அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு பிள்ளைகளையே புத்தகம் செய்யவையுங்கள். ஒரு ஏ4 தாளை மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம் வந்துவிடும். சத்துணவு சமைக்கும் அம்மாவையோ ஊரில் கதை சொல்லத் தெரிந்த பாட்டியையோ அழைத்து உட்காரவையுங்கள். கேட்ட கதையைப் பிள்ளைகள் எழுதி, படம் வரைந்து, அதே கயிற்றில் தொங்கவிடட்டும். பதிவேட்டில் அதற்கும் எண் கொடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் உங்கள் மாவட்டத்தில் புத்தகக் காட்சி நடந்தால், பணத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்து நான்கு பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். பத்து சதவீதத் தள்ளுபடியும் கிடைக்கும். கோடை விடுமுறைக்கு ஆளுக்கு மூன்று புத்தகம் கொடுத்தனுப்புங்கள். சில திரும்பாது. தீர்மானம்தான் இருக்கிறதே.

இனி முன்னாள் மாணவர்கள். அவர்கள் திறப்பு விழா கேட்பது இயல்பு. பணம் தருகிறவர்களுக்குத் தங்கள் பெயரை எங்கேனும் பார்க்க வேண்டும் என்று இருக்கும். கல்வெட்டுக்குப் பதில் ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளட்டையிலும் தந்தவர் பெயரைச் சிறு சீட்டாக அச்சிட்டு ஒட்டிவிடலாம் என்று சொல்லுங்கள். விழா வேண்டும் என்றால் ஆகஸ்டில், முதல் வெள்ளிக்கிழமைப் புத்தக வழங்கலை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மாலை, சால்வை வேண்டாம். வந்தவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு படப் புத்தகத்தைக் கொடுத்து, ஐந்தைந்து பிள்ளைகளை எதிரில் உட்காரவைத்து, வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பேராவது அடுத்த மாதமும் வருவார்கள்; உங்களுக்குக் கூட்டம் இருக்கிற நாளில் மதிய வாசிப்பை அவர்களிடம் விடலாம்.